சந்தி வரைக்கும்தான்

கொழும்பு, பொரளையில் உள்ள ஒரு மலர்ச்சாலையில், என் நண்பனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, பின்னால் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது: "என்ன செய்வது, தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டேதானே போயிருக்கிறான்." ஆறுதலாகத்தான் சொன்னார். அருகில் நின்ற இரண்டு மூன்று பேர் தலையசைத்தார்கள். முன்வரிசைக் கதிரையில் அவனுடைய அம்மா இருந்தார். கையில் இருந்த லேஞ்சியை நான்காக மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார். அவருக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது. கனத்தை மயானத்துக்குப் போய், எல்லாம் முடிந்து, வெள்ளவத்தைக்குத் திரும்பி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை.

ஏனென்றால் அது உண்மை இல்லை. அவன் தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டிருக்கும்போது சாகவில்லை. ஏதோ ஒரு விண்ணப்பத்துக்கு அடையாள அட்டையின் போட்டோப்பிரதி எடுக்க மோட்டார் சைக்கிளில் போனான். வீட்டிலிருந்து கடைக்கு அறுநூறு மீற்றர் இருக்கும். மழை விட்டு அரை மணி நேரம். பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு வான் வந்து ஏறியது. தலைக்கவசம் தலையில் இருந்தது, ஆனால் தாடைப் பட்டி பூட்டப்படவில்லை. அவன் விழுவதற்கு முன்பே தலைக்கவசம் கழன்று உருண்டு, மூடியிருந்த ஒரு கடையின் படிக்கட்டில் போய் நின்றது. பார்த்தவர்கள் சொன்னார்கள். பட்டியைப் பூட்டாமல் அவன் புறப்படும்போது என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நூறு தடவை கேட்டிருக்கிறேன், நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்: "சந்தி வரைக்கும்தான்."

அவனுக்குப் பிடித்தது எது என்பதும் எனக்குத் தெரியும். அது வேறு.

ஞாயிறு, அதிகாலை நாலரை

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் புறப்படுவோம். காலி வீதியில் அந்த நேரம் நாய்களும் பாண் கடைக்காரர்களும்தான் விழித்திருப்பார்கள். கிருலப்பனையைத் தாண்டி, ஹைலெவல் வீதியைப் பிடித்து, அவிசாவளைக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் வரும். அங்கே ஒரு தேநீர். பிறகு ஏ7 வீதி: கித்துல்கல, அதற்கப்பால் வளைந்து வளைந்து ஏறும் கினிகத்தேனை. சில நாட்களில் அட்டன் தாண்டித் தலவாக்கலை வரைக்கும் போய், டெவோன் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் உண்டு. பெரும்பாலும் கினிகத்தேனையோடு சரி.

மோட்டார் சைக்கிள் ஓடாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வேகம் என்று நினைக்கிறார்கள். வேகம் இல்லை. அந்த ஏற்றத்தில் நாங்கள் நாற்பதைத் தாண்டியதே அரிது. கித்துல்கலைக்கு மேலே ஒரு வளைவில், தொடைக்கும் முழங்காலுக்கும் நடுவில் திடீரென்று குளிர் தட்டும். அந்த இடத்திலிருந்து காற்று வேறு. ஈரப் பாசி வாடை போய், கொழுந்து வாட்டும் தொழிற்சாலையின் வாடை வரும். காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அந்த எல்லைக்கோடு இருப்பதே தெரியாது. அதோடு, மனம் வேறெங்கும் போக முடியாது. வங்கிக் கடன், அலுவலகத்தில் முகம் கொடுக்காத மேலாளர், அப்பாவின் இரத்த அழுத்தம் எல்லாம் பின்னால் நின்றுவிடும். அடுத்த வளைவில் மணல் கிடக்கிறதா, எதிரே வரும் லொறி கோட்டைத் தாண்டுகிறதா என்பது மட்டும்தான் உலகம். மூன்று மணி நேரம் ஒரு மனிதன் முழுக்க விழித்திருப்பது சின்ன விஷயம் இல்லை. வாரத்தின் மற்ற நாட்களில் அப்படி எனக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

அதனால், "உயிருக்கு ஆபத்து, விட்டுவிடு" என்று சொல்கிறவர்களோடு என்னால் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. "ஒரு நாள் எல்லோரும் சாகத்தானே வேண்டும், அனுபவித்துவிட்டுப் போவோம்" என்கிறவர்களோடும் ஒத்துப்போக முடியவில்லை. முதலாமவர்கள் கினிகத்தேனையைப் பார்க்காதவர்கள். இரண்டாமவர்கள் அந்த லேஞ்சியைப் பார்க்காதவர்கள்.

பத்து கிலோமீற்றர்

எட்டுச்செலவு முடிந்த வாரம், தூக்கம் வராத இரவுகளில் கணக்குப் பார்த்தேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்ட் ஹவார்ட் உருவாக்கிய அளவு ஒன்று இருக்கிறது, பெயர் மைக்ரோமோர்ட். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு சாவதற்கான வாய்ப்பு, ஒரு மைக்ரோமோர்ட். பிரித்தானியாவை வைத்துப் போடப்பட்ட கணக்கில் காரில் சுமார் 400 கிலோமீற்றர் போனால் சேரும் அந்த ஒரு பங்கு, மோட்டார் சைக்கிளில் 10 கிலோமீற்றரிலேயே சேர்ந்துவிடும். பத்து கிலோமீற்றர் என்பது வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை. நம்முடைய வீதிகளுக்கு அந்த எண்ணை அப்படியே எடுக்க முடியாது, கூட்டித்தான் எடுக்க வேண்டும். இந்த நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீதியில் சாகிறார்கள். ஆனால் என் கணக்குக்கு அந்தப் பத்து கிலோமீற்றர் எண்ணே போதுமாக இருந்தது.

என் அலுவலகம் கொள்ளுப்பிட்டியில். போக ஐந்து, வர ஐந்து. ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர். கடைக்கு, மருந்துக்கு, பிள்ளையை வகுப்பில் விட என்று ஓடுவது இன்னோர் ஆயிரம். ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இரண்டாயிரத்து நானூறுதான். கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். நான் சாவதற்கு எடுத்த சீட்டுகளில் பாதிக்கு மேல், எனக்கு எந்தச் சந்தோஷமும் தராத கிலோமீற்றர்களுக்காக எடுத்தவை. பம்பலப்பிட்டியில் பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் நடுவில் புகை குடித்துக்கொண்டு நகர்வதில் யாரும் வாழ்க்கையை முழுதாக வாழ்வதில்லை. ஆனால் விலை ஒன்றுதான். உண்மையில் அங்கேதான் விலை கூட. மலையில் நான் விழித்திருக்கிறேன், காலி வீதியில் மனம் எங்கேயோ இருக்கிறது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. 2022இல் பெற்றோல் இல்லாத நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கியூ.ஆர். குறியீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அவனும் நானும் அந்த நான்கு லீற்றரை எப்படிக் காத்தோம்! கடைக்கு நடந்தோம். அலுவலகத்துக்கு ரயில். தொட்டியில் மிச்சம் பிடித்துச் சேர்த்து, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போனோம். எந்தக் கிலோமீற்றர் வேண்டும், எது வேண்டாம் என்று அந்த ஆண்டு மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. பெற்றோல் தாராளமாக வந்ததும் அறுநூறு மீற்றருக்கும் சாவியை எடுக்கத் தொடங்கிவிட்டோம்.

தலைக்கவசத்தின் கதையையும் அந்த இரவுகளில்தான் தேடி வாசித்தேன். 1935 மே மாதம் இங்கிலாந்தில் டி. ஈ. லோரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்கப்போய் விழுந்தார். தலையில் அடி, ஆறு நாளில் மரணம். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணர் ஒருவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. இராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகும் வீரர்கள் தலையில் அடிபட்டுச் சாவதை ஆராய்ந்து, 1941இல் தலைக்கவசத்தின் அவசியத்தை எழுதினார். பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், தலைக்கவசம் சாவைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டார்கள். நாமோ அதைப் பொலிஸுக்காகப் போடுகிறோம். பொலிஸ்காரர் தூரத்திலிருந்து பார்த்தால் தலையில் இருப்பது தெரியும், பட்டி பூட்டியிருப்பது தெரியாது. அதனால் பட்டி தொங்கிக்கொண்டிருக்கிறது.

டயர்

அவனுடைய முப்பத்தோராம் நாள் கிரியைக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது நானும் விழுந்தேன். பாமன்கடைப் பக்கம், தூறல். சிவப்பு விளக்குக்கு மெதுவாகத்தான் பிரேக் பிடித்தேன். பாதசாரிக் கடவையின் வெள்ளைப் பூச்சில் பின்சில்லு பக்கவாட்டில் நழுவியது. இருபதுகூட இருக்காது வேகம். ஆனால் கீழே கிடந்து திரும்பிப் பார்த்தபோது, ஒரு பஸ்ஸின் முன்சில்லு எனக்கு ஒரு பாய் தூரத்தில் நின்றது. சாரதி இறங்கி வந்து, சிங்களத்தில் ஏசிக்கொண்டே என்னைத் தூக்கிவிட்டார். அவருடைய கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. அந்தக் கையை நான் அடிக்கடி நினைக்கிறேன். நான் சாகத் துணிவேன், துணியாமல் போவேன். அவருடைய சம்மதத்தை யார் கேட்டது?

வீட்டுக்கு வந்தேன். முழங்கையில் தோல் போயிருந்தது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அவர் பேசாமல் இருப்பதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம். அப்பா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, மின்தூக்கிக்கும் காத்திருக்காமல், படியால் கீழே இறங்கிப் போனார். எழுபத்தொரு வயது. நானும் பின்னால் போனேன். எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில், மோட்டார் சைக்கிளின் பின்னால் குந்தியிருந்து, ஒரு கையால் டோர்ச்சைப் பிடித்தபடி மறுகைப் பெருவிரலால் டயரைத் தடவினார். அரைச் சுற்று உருட்டினார். மறுபடி தடவினார். நடுப்பகுதியில் கோடே இல்லை, உள்ளங்கைபோல வழுவழுப்பாக இருந்தது. ஓரத்தில் மட்டும் பழைய வெட்டுகள் மிச்சம் இருந்தன.

"இதை நீ எப்போது பார்த்தாய், தம்பி?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பார்த்து ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும்.

அப்பா எழுந்து, சீற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்களுக்கு டயர் கிடைக்கவில்லை," என்றார். "உனக்குக் கிடைக்கிறது."

அவ்வளவுதான் சொன்னார். அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ உடைந்தது. அப்பாவின் மோட்டார் சைக்கிள் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம், பொருளாதாரத் தடை, பெற்றோல் போத்தல் கணக்கில் விற்ற காலம். அப்பாவின் எம்.டி. 90 மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சேட்டுப் பையில் ஒரு சின்னப் போத்தல் பெற்றோல் இருக்கும். ஸ்ராட் எடுப்பதற்கு மட்டும் சில துளிகள் விடுவார், பற்றியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகை. பிளக்கில் கரி பிடித்துப் பாதி வழியில் நின்றுவிடும். இறங்கிக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டுவார். மேலே விமானச் சத்தம் கேட்டால் சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டுப் படுப்பார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழையில், யாழ்ப்பாணமே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, அந்தச் சைக்கிளை அவர் ஓடவில்லை. ஓட இடம் எங்கே? சீற்றில் அப்பம்மாவை இருத்தி, பின்னால் ஒரு சாக்கு அரிசியும் கட்டி, விடிய விடியத் தள்ளிக்கொண்டு போனார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு, சைக்கிளின் கரியலை ஒரு கையால் பிடித்தபடி நடந்தார்.

அந்த ஆபத்துகளில் ஒன்றைக்கூட அப்பா தேர்ந்தெடுக்கவில்லை. தேய்ந்த டயரில் அவர் ஓடினார், வேறு டயர் இல்லை. எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் டயர் வீட்டு வாசலுக்கு வரும். அப்படியிருந்தும் நான் மொட்டை டயரில் ஓடி, அதற்குச் சுதந்திரம் என்றும் வாழ்க்கையை முழுதாக வாழ்வது என்றும் பெயர் வைத்திருந்தேன். பெற்றோர் கொழும்புக்கு வந்ததே நாங்கள் சாகாமல் இருப்பதற்காக. நான் மோட்டார் சைக்கிள் வாங்கிய நாளில் அம்மா அழுததை, பயம் என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். தான் பத்திரப்படுத்திக் கொண்டுவந்த ஒன்றை நான் அசட்டையாக வெளியே எடுத்து வைக்கிறேன் என்று அவர் அழுதிருக்கலாம்.

யாருக்கு எந்தத் தெரிவு

இந்த நகரத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, ஆபத்தா அனுபவமா என்ற கேள்வியே இல்லை. முதுகில் சதுரப் பெட்டியோடு, இரவு பத்து மணி மழையில், யாரோ ஒருவருடைய கொத்துரொட்டி ஆறிவிடக்கூடாது என்று ஓடும் இருபது வயதுப் பையனிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வராது. ஓடர் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. வேகம் குறைந்தால் சோறு குறையும். தாயும் தகப்பனும் நடுவில் இரண்டு பிள்ளைகளுமாக ஒரே சைக்கிளில் போகும் குடும்பத்துக்கும் அப்படித்தான். முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கப் பணமிருந்தால் அவர்கள் ஏன் அப்படிப் போகப் போகிறார்கள்? அவர்களுக்கு வேண்டியது எங்களுடைய அறிவுரை இல்லை. நேரத்துக்கு வரும் பஸ்ஸும், ஒழுங்கான வீதி விளக்கும், வழுக்காத பூச்சும்தான். இவற்றைக் கேட்டுப் போராட வேண்டிய கடமை, தெரிவு இருக்கிற எங்களுக்குத்தான் கூட இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரிவு இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குக் கடலோரமாக ரயில் ஓடுகிறது. காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் ஓடுகின்றன. போட்டோப்பிரதிக் கடைக்குக் கால்கள் இருக்கின்றன. சைக்கிளை விற்கத்தான் முதலில் நினைத்தேன். விற்பனை விளம்பரத்துக்குப் படம்கூட எடுத்தேன். பிறகு அழித்துவிட்டேன். இப்போது அலுவலகத்துக்கு ரயிலில் போகிறேன். மழையில் எடுப்பதில்லை, இருட்டிய பிறகு எடுப்பதில்லை. மனம் சரியில்லாத நாளில் சாவியைத் தொடுவதில்லை. பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு வாகனத்தின் மூக்கு தெரிந்தால், அது என்னைப் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். புது டயர் போட்டபோது அப்பாவும் கடைக்கு வந்தார். "முதல் நூறு கிலோமீற்றர் வழுக்கும், சாய்க்காதே," என்று சொன்னார். கடைக்காரரும் அதையே சொன்னார். இத்தனைக்குப் பிறகும் ஆபத்து இல்லாமல் போகவில்லை. மலையில் எதிரே வரும் லொறியின் பிரேக் என் கையில் இல்லை. அந்த மிச்சத்தைத் தெரிந்துகொண்டுதான் போகிறேன். அதற்காக அம்மாவிடம் எனக்குச் சொல்ல நியாயம் ஒன்றும் இல்லை. அவர் சாமி அறையில் விளக்கை ஏற்றிவிட்டு, நான் திரும்பும்வரை அதில் எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த எண்ணெய்க்கும் என் கணக்கில் இடம் இருக்கிறது.

முப்பத்தொன்று

முப்பத்தோராம் நாள் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அவனுடைய அம்மா என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். மலர்ச்சாலையில் கேட்ட வாக்கியத்தைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, இத்தனை நாளும் மனதுக்குள் எழுதி வைத்திருந்த பதிலைத் தயார் செய்தேன். அவர் கேட்டது வேறு.

"ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இரண்டு பேரும் எங்கேதான் போவீர்கள், தம்பி? கேட்டால் 'சும்மா ஒரு சுற்று' என்பான். நானும் கோபத்தில் மேலே கேட்பதில்லை."

சொன்னேன். அவிசாவளைத் தேநீர்க் கடை, அங்கே அவன் எப்போதும் இரண்டு வடை வாங்கி ஒன்றை நாய்க்குப் போடுவது, கித்துல்கல ஆறு, குளிர் தட்டும் வளைவு, அந்த வளைவில் அவன் ஒரு தடவை ஒலி எழுப்புவது, கினிகத்தேனையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் மதிலில் உட்கார்ந்திருப்பது. ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன். இடையில் ஒரு தடவைகூட அவர் அழவில்லை. முன்னுக்குச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கே நல்ல குளிரா?"

"குளிர்தான் அம்மா. அவன் ஜக்கெற்றுக்குள்ளே நெஞ்சுப் பக்கமாகப் பேப்பரை மடித்து வைத்துக்கொள்வான். காற்று ஏறாது."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, லேஞ்சி இருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"சனிக்கிழமைப் பேப்பரை எங்கே என்று நான் வீடு முழுக்கத் தேடுவேன், தம்பி."